மாணவர்களின் மெயில் சந்தேகங்கள்: பேராசிரியருக்கு, அலுவலகத்துக்கு, எச்.ஆருக்கு எழுதுவது எப்படி?

கல்லூரியில் சேர்ந்ததும் ஒரு மெயில் ஐடி கொடுத்துவிடுகிறார்கள். அதில் எப்படி எழுதுவது என்பதை மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை. பள்ளியில் படித்த லீவ் லெட்டர் கொஞ்சம், வாட்ஸ்அப் பழக்கம் கொஞ்சம், சீனியர் கொடுத்த டெம்ப்ளேட் கொஞ்சம் என்று கலந்துகட்டித்தான் பெரும்பாலான மெயில்கள் வருகின்றன. பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே இன்டர்ன்ஷிப், பிளேஸ்மென்ட் வேலைகளையும் பார்ப்பவன் நான். மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். என் பதில்கள் எல்லாவற்றுக்கும் அளவுகோல் ஒன்றுதான்: மெயிலைப் படிப்பவர் உங்களிடம் திருப்பி எதுவும் கேட்காமல் வேலையை முடிக்க முடிகிறதா? முடிந்தால் நல்ல மெயில். இலக்கணம், அலங்காரம் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

வாட்ஸ்அப் இருக்கும்போது மெயில் எதற்கு?

"சார், லேப் எந்த ரூமில்?" என்று கேட்க வாட்ஸ்அப் போதும். சான்றிதழ், கையெழுத்து, மார்க், பணம், கடைசித் தேதி இவற்றில் ஏதாவது ஒன்று வந்துவிட்டால் மெயில்தான். மெயில் என்றால் மரியாதை, வாட்ஸ்அப் என்றால் அவமரியாதை என்பதெல்லாம் இல்லை. மெயிலை ஆறு மாதம் கழித்தும் தேடி எடுக்கலாம், அப்படியே இன்னொருவருக்கு ஃபார்வர்டு செய்யலாம். நீங்கள் எச்ஓடிக்கு எழுதியதை அவர் ஒரே சொடுக்கில் முதல்வருக்கோ ஆபீஸுக்கோ தள்ளிவிடுவார். எனவே முன்பின் தெரியாத இரண்டாவது ஆளும் இதைப் படிப்பார் என்று நினைத்துக்கொண்டே எழுதுங்கள். "நேற்று சொன்னேனே சார், அந்த விஷயம்" என்று எழுதினால் அந்த இரண்டாவது ஆளுக்கு என்ன புரியும்?

பள்ளியில் படித்த லீவ் லெட்டர் மாதிரியே எழுதலாமா?

அனுப்புநர், பெறுநர், ஊர், தேதி இந்த நான்கையும் விட்டுவிடுங்கள். ஊர் தேவையில்லை, மற்றவை மெயிலின் தலைப்பகுதியிலேயே இருக்கின்றன. "பொருள்" என்று தனியாக ஒரு வரி எழுதுவதும் வேண்டாம், அதற்குத்தான் சப்ஜெக்ட் பெட்டி. "தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவன்" என்று முடிக்கவும் தேவையில்லை.

ஆனால் லீவ் லெட்டரில் ஒரு நல்ல குணம் உண்டு. யார், ஏன், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்பது அதில் தவறாமல் இருக்கும். அதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இன்று வரும் மெயில்கள் பலவற்றில் காணாமல் போவது அதுதான். ஒரு பக்கம் பணிவு இருக்கும், தேதி இருக்காது.

சப்ஜெக்ட் லைனில் என்ன எழுதுவது?

கோரிக்கையையும் உங்கள் அடையாளத்தையும். "ரெக்வெஸ்ட்", "ஹெல்ப்", "அர்ஜென்ட்", "ரிகார்டிங் இன்டர்ன்ஷிப்" இவையெல்லாம் பயன்படாது. ஒரு பேராசிரியரின் இன்பாக்ஸில் அதே தலைப்பில் ஏற்கெனவே பல மெயில்கள் கிடக்கும். "போனஃபைடு சான்றிதழ் வேண்டும், பாஸ்போர்ட்டுக்காக, மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல், பி பிரிவு" என்று இருந்தால் மெயிலைத் திறக்காமலே பாதி வேலை முடிந்துவிடும். மொபைலில் சப்ஜெக்டின் முதல் சில சொற்கள்தான் தெரியும், ஆகவே முக்கியமானது முன்னால் வரட்டும்.

அப்புறம், அதே விஷயத்துக்குப் பதில் எழுதும்போது பழைய மெயிலிலேயே ரிப்ளை கொடுங்கள். புதிதாக ஒன்று தொடங்கினால் முன்னால் பேசியதெல்லாம் வேறு இடத்தில் கிடக்கும். புது விஷயத்துக்குப் பழைய மெயிலைத் தோண்டி எடுத்து ரிப்ளை போடுவதும் அதே அளவு தொல்லை.

எப்படி விளிப்பது? ரெஸ்பெக்டட் சார் என்று போட்டால் தப்பா?

நம் ஊரில் தப்பே இல்லை. சென்னையிலோ திருச்சியிலோ இருக்கும் ஒரு பேராசிரியர் அதைப் பார்த்து முகம் சுளிக்கப்போவதில்லை. அதை ஒழித்தாக வேண்டும் என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் அலுப்புதான். உண்மையான தப்பு வேறு இடத்தில் இருக்கிறது. பெண் பேராசிரியருக்கு "சார்" என்று அனுப்புவது, பெயர் தெரிந்திருந்தும் "சார் ஆர் மேடம்" என்று போடுவது. அந்த மெயில் பத்துப் பேருக்குப் போனது என்பது அந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிடும்.

வெளிநாட்டுப் பேராசிரியர் என்றால் "டியர் புரொஃபசர்" போட்டுக் குடும்பப் பெயர். ஜெர்மனியில் "புரொஃபசர் டாக்டர்" என்று இரண்டு பட்டத்தையும் சேர்த்தே எழுதுவார்கள், நீங்களும் அப்படியே எழுதலாம். அமெரிக்கப் பேராசிரியர் பதிலில் தன் முதல் பெயரை மட்டும் போட்டு முடித்தால், அடுத்த மெயிலில் நீங்களும் அந்தப் பெயரால் அழைக்கலாம் என்று அவர் அனுமதி தருவதாக எடுத்துக்கொள்ளலாம். மனம் வராவிட்டால் புரொஃபசர் என்றே தொடருங்கள், யாரும் கோபப்பட மாட்டார்கள்.

எனக்கு இனிஷியல்தான், சர்நேம் கிடையாது. வெளிநாட்டிலிருந்து அப்பா பெயரைச் சொல்லி அழைக்கிறார்கள். என்ன செய்வது?

தமிழ் மாணவர்களுக்கு அடிக்கடி வரும் தலைவலிகளில் இது ஒன்று. உங்கள் பெயர் கார்த்திகா, அப்பா முருகேசன். பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டத்தில் முருகேசன் ஏறியிருக்கும். அங்கிருந்து "டியர் மிஸ் முருகேசன்" என்று பதில் வரும். சிலருக்கு இன்னும் மோசம், "டியர் எம்" என்று ஒற்றை எழுத்துக்கு வணக்கம் சொல்லியிருப்பார்கள்.

இதற்கு விளக்கக் கட்டுரை எழுத வேண்டாம். மெயில் கணக்கின் செட்டிங்ஸில் காட்டப்படும் பெயரை "கார்த்திகா முருகேசன்" என்று விரித்து வையுங்கள். மெயிலின் கடைசியில் "கார்த்திகா" என்று மட்டும் எழுதி, அதன் கீழே முழுப்பெயர், துறை, கல்லூரி என்று சிறிய கையொப்பம் கொடுங்கள். அடுத்த மெயிலில் பெரும்பாலும் அவர்களே கார்த்திகா என்று எழுதுவார்கள். விண்ணப்பப் படிவத்திலும் சான்றிதழிலும் மட்டும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரை எழுத்துக்கு எழுத்து அப்படியே வைத்திருங்கள், அதில் விளையாட வேண்டாம்.

இதோடு சேர்த்து உங்கள் மெயில் ஐடியையும் ஒருமுறை பாருங்கள். எட்டாம் வகுப்பில் அபிமான நடிகர் பெயரில் தொடங்கிய ஐடியிலிருந்து வேலைக்கு எழுதாதீர்கள். அம்மாவின் போனிலிருந்து அனுப்பினால் அனுப்பியவர் பெயர் அம்மா பெயராகவே போகும், அதையும் கவனியுங்கள். கல்லூரி ஐடி நல்லதுதான், ஆனால் படிப்பு முடிந்ததும் பல இடங்களில் அதை மூடிவிடுவார்கள். கடைசி செமஸ்டரிலேயே முக்கியமான மெயில்களை சொந்தக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள்.

முன்பின் தெரியாத பேராசிரியரிடம் இன்டர்ன்ஷிப் கேட்டு எழுதுவது எப்படி?

எழுதுவதற்கு முன் ஒன்றைப் பாருங்கள்: அங்கே மெயில்தான் வழியா? சென்னை ஐஐடியின் கோடைக்கால ஃபெலோஷிப்புக்கும், மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு ஃபெலோஷிப்புக்கும் இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அங்கே தனி மெயில் போட்டு ஒன்றும் ஆகாது. ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் (DAAD) நடத்தும் வைஸ் (WISE) இன்டர்ன்ஷிப் திட்டம் அதற்கு நேர் எதிர். அங்குள்ள பேராசிரியரின் சம்மதக் கடிதத்தை நீங்களே முதலில் வாங்க வேண்டும், அப்போது மெயில்தான் எல்லாமே. இரண்டாவது, அவருடைய இணையப் பக்கத்தைக் கடைசிவரை படியுங்கள். "இன்டர்ன்ஷிப் மெயில்களுக்குப் பதில் எழுத முடியாது" என்று பலர் வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். "சப்ஜெக்டில் இந்தச் சொல்லைப் போட்டால்தான் படிப்பேன்" என்று ஒரு சின்னப் பொறி வைத்திருப்பவர்களும் உண்டு. பக்கத்தைப் படித்தவர் யார், படிக்காதவர் யார் என்று அதிலேயே வடிகட்டிவிடுவார்கள்.

இனி மெயில். மாதிரியைத் தமிழில் தருகிறேன். ஆங்கிலத்தில் எழுதினாலும் வரிசை இதேதான்.

சப்ஜெக்ட்: மே–ஜூலை இன்டர்ன்ஷிப், மண் ஈரப்பத சென்சார், மூன்றாம் ஆண்டு இசிஇ மாணவி

டாக்டர் (பெயர்) அவர்களுக்கு,

வணக்கம். மதுரையில் (கல்லூரி பெயர்) கல்லூரியில் மூன்றாம் ஆண்டு இசிஇ படிக்கிறேன். மண் ஈரப்பதம் அளக்கும் சென்சார்கள் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். என் மினி புராஜெக்டில் எங்கள் வயலில் இதே வகைச் சென்சார் நான்கை வைத்து அளந்தபோது, மதிய வெயிலில் அளவு விலகிப்போனது. நீங்கள் செய்திருக்கும் வெப்பநிலைத் திருத்தத்தை இப்போது முயன்றுகொண்டிருக்கிறேன், அளவு ஓரளவு சீராகியிருக்கிறது.

மே 15 முதல் ஜூலை 10 வரை உங்கள் ஆய்வகத்தில் இந்த வேலையில் உதவ இடம் கிடைக்குமா? சி, பைத்தான் தெரியும். பிசிபி வடிவமைப்பு இன்னும் பழகவில்லை. கல்லூரியிலிருந்து தடையில்லாச் சான்று வாங்கித் தர முடியும். ஒரு பக்க ரெஸ்யூமை இணைத்திருக்கிறேன்.

நன்றி.
(பெயர், துறை, கல்லூரி, போன் எண்)

இதில் இல்லாதவற்றைப் பாருங்கள். சிறு வயதிலிருந்தே அறிவியலில் ஆர்வம் என்ற வரி இல்லை. உங்கள் புகழ்பெற்ற நிறுவனத்தில் பணியாற்றுவது என் கனவு என்பதும் இல்லை. சிஜிபிஏ ரெஸ்யூமில் இருக்கிறது, இங்கே வேண்டாம். தேதி இருக்கிறது, தெரிந்ததும் தெரியாததும் இருக்கின்றன. பேராசிரியர் "உங்களுக்கு எப்போது விடுமுறை? கல்லூரி அனுமதி தருமா?" என்று கேட்டு எழுத வேண்டியதில்லை.

"தெரியாது" என்று எழுதலாமா என்று மாணவர்கள் தயங்குகிறார்கள். தாராளமாக எழுதலாம். எல்லாம் தெரியும் என்று எழுதி வந்து, முதல் வாரத்திலேயே சால்டரிங் அயர்னை எந்தப் பக்கம் பிடிப்பது என்று விழிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

கட்டுரை படித்தேன் என்று எழுதினால் உண்மையிலேயே படித்திருக்க வேண்டும், முழுவதும் புரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. தலைப்பை மட்டும் காப்பி அடித்து "உங்கள் கட்டுரை மிகவும் ஊக்கமளித்தது" என்று எழுதுவது அப்பட்டமாகத் தெரியும்.

ஒரே மெயிலை நாற்பது பேருக்கு அனுப்பினால் யாராவது ஒருவர் பதில் போட மாட்டாரா?

பிசிசியில் (ஒருவர் ஐடி மற்றவருக்குத் தெரியாத கட்டம்) நாற்பது பேரைப் போட்டு அனுப்பும் மெயிலில் யாருடைய வேலை பற்றியும் ஒரு வரிகூட எழுத முடியாது. ஆகவே அது நாற்பது பேருக்கும் பொதுவாகவே இருக்கும், நாற்பது பேரும் பொதுவாகவே அழித்துவிடுவார்கள். இதைவிடக் கொடுமை, அந்த நாற்பது பேரையும் டூ கட்டத்திலேயே போடுவது. ஒரே துறையில் இருக்கும் இரண்டு பேராசிரியர்கள் டீ குடிக்கப் போகும்போது உங்கள் மெயிலைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள், நீங்கள் விரும்பும் விதத்தில் அல்ல.

நேரம் இருந்தால் ஐந்தாறு பேரைத் தேர்ந்தெடுங்கள், ஒவ்வொருவருக்கும் அவருடைய வேலை பற்றிய வரிகளை மட்டும் புதிதாக எழுதுங்கள். மற்றவை மாறாமல் இருக்கலாம், பெயரைத் தவிர. முந்தைய பேராசிரியரின் பெயரோடு அடுத்தவருக்குப் போகும் மெயில் ஒவ்வொரு வருடமும் வருகிறது. காப்பி பேஸ்ட் செய்த பகுதி வேறு எழுத்துருவில், சாம்பல் பின்னணியோடு நிற்பதும் அப்படித்தான். கன்ட்ரோல், ஷிஃப்ட், வி மூன்றையும் சேர்த்து அழுத்தி ஒட்டினால் பழைய வடிவம் ஒட்டிக்கொண்டு வராது.

பதிலே வரவில்லை. மறுபடி எழுதலாமா?

பத்து நாள் பொறுங்கள். அதே மெயிலில் ரிப்ளை கொடுத்து இரண்டு வரி: எதைக் கேட்டீர்கள், இன்னும் அதில் ஆர்வமாக இருக்கிறீர்கள். அதற்கும் பதில் இல்லை என்றால் விட்டுவிடுங்கள். பதில் வராததற்குக் காரணம் பெரும்பாலும் நீங்கள் அல்ல. அங்கே இடம் இல்லை, பணம் இல்லை, அல்லது அவர் தேர்வுத்தாள் கட்டுகளுக்கு நடுவில் இருக்கிறார். "ஏன் பதில் அனுப்பவில்லை?" என்ற தொனி மட்டும் எங்கும் வேண்டாம். உங்கள் சொந்தக் கல்லூரி என்றால் இரண்டாவது மெயிலுக்குப் பதிலாக நேரில் போய் நின்றுவிடுங்கள், நம் ஊரில் அதுதான் வேகமானது.

சிபாரிசுக் கடிதம் கேட்பது எப்படி?

வெளிநாட்டில் எம்எஸ் படிக்கப் போகிறவர்கள் அதிகம் சொதப்புவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்கு டிசம்பர் நடுவில் கடைசித் தேதி வரும். நம் கல்லூரிகளில் அதே நவம்பர், டிசம்பரில்தான் செமஸ்டர் தேர்வு, விடைத்தாள் திருத்தம் எல்லாம். ஆகவே அக்டோபரிலேயே கேளுங்கள். முதல் மெயிலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: எழுதித் தர முடியுமா? அதில் "எனக்கு ஆதரவாக நன்றாக எழுத முடியுமா" என்ற பொருளில் கேட்டால், உங்களை அதிகம் நினைவில்லாதவர் கௌரவமாக விலகிக்கொள்ள வழி கிடைக்கும். அரைமனதோடு எழுதிய கடிதம் இல்லாமல் இருப்பதே நல்லது.

அவர் சரி என்ற பிறகு இரண்டாவது மெயில். எந்தெந்தப் பல்கலைக்கழகம், எந்தப் படிப்பு, கடைசித் தேதி என்ன என்று தேதி வரிசையில் ஒரு பட்டியல். அவரிடம் எந்த செமஸ்டரில் எந்தப் பாடம் படித்தீர்கள், என்ன மார்க், எந்த புராஜெக்டை அவர் பார்த்தார் என்று நாலு வரி. ஒரு பேராசிரியரிடம் வருடத்துக்கு இருநூறு பேர் படிக்கிறார்கள், உங்கள் முகம் நினைவிருக்கும், புராஜெக்ட் நினைவிருக்காது. ரெஸ்யூமையும் மார்க்‌ஷீட்டையும் சேர்த்து இணைத்துவிடுங்கள்.

பல்கலைக்கழகத்தின் இணையதளம் கடிதம் எழுதுபவருக்கு நேரடியாக ஒரு லிங்க் அனுப்பும். அதற்கு அவருடைய கல்லூரி மெயில் ஐடியைத்தான் கொடுக்க வேண்டும், ஜிமெயில் ஐடியைப் பார்த்தால் சில இடங்களில் சந்தேகப்படுவார்கள். எந்த ஐடி என்று அவரிடமே கேட்டு வாங்குங்கள், லிங்க் வந்ததும் ஸ்பாமில் பார்க்கச் சொல்லுங்கள். விண்ணப்பத்தில் "கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா" என்று ஒரு கேள்வி வரும். மாணவரின் கல்விப் பதிவுகள் பற்றிய, அமெரிக்காவின் 1974ஆம் ஆண்டு ஃபெர்பா சட்டத்திலிருந்து வருவது அது. விட்டுக்கொடுப்பதாகக் குறித்துவிடுவதுதான் வழக்கம், அப்போதுதான் அது மனம்திறந்து எழுதிய கடிதம் என்று நம்புவார்கள்.

"நீயே டிராஃப்ட் எழுதிக்கொண்டு வாப்பா, கையெழுத்துப் போடுகிறேன்" என்று சொல்லும் ஆசிரியர்கள் நம்மிடம் நிறைய. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆனால் மாணவர் அங்கே நின்று வாதாடவும் முடியாது. அப்படிச் சொன்னால் முழுக் கடிதத்துக்குப் பதிலாகக் குறிப்புகளை அனுப்பிப் பாருங்கள், பலர் அதை வைத்தே தாங்களாக எழுதிவிடுவார்கள். கடிதம் போனபின் நன்றி சொல்லுங்கள். சேர்க்கை கிடைத்ததும் எந்த ஊர் என்று ஒரு வரி எழுதுங்கள், ஆசிரியர்கள் காத்திருப்பது அந்த மெயிலுக்குத்தான்.

தேர்வுக் கட்டுப்பாட்டாளர் அலுவலகத்துக்கு எழுதும்போது என்னென்ன இருக்க வேண்டும்?

ரெஜிஸ்டர் நம்பர், அது இல்லாமல் அங்கே நீங்கள் ஆளே இல்லை. அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் அது 12 இலக்கம்: கல்லூரிக் குறியீடு நான்கு, சேர்ந்த ஆண்டு இரண்டு, துறை மூன்று, உங்கள் வரிசை எண் மூன்று. கடைசி இலக்கம் ஒன்று மாறினால் பக்கத்துப் பெஞ்சுக்காரரின் கணக்கைத் திறந்து பார்த்துவிட்டு "உங்களுக்கு அரியர் எதுவும் இல்லையே" என்று பதில் வரும். காப்பி செய்து ஒட்டுங்கள், நினைவிலிருந்து அடிக்காதீர்கள்.

அப்புறம் பாடக் குறியீடு, தேர்வு எழுதிய மாதமும் வருடமும், பணம் கட்டியிருந்தால் பரிவர்த்தனை எண்ணும் ரசீதும். ஒரு மெயிலில் ஒரு கோரிக்கை. ரீவேல்யுவேஷனையும் பெயர்த் திருத்தத்தையும் ஒரே மெயிலில் கேட்டால் இரண்டும் வேறு வேறு மேசைக்குப் போக வேண்டும், ஒன்று நிச்சயம் விடுபடும்.

அரசு அலுவலகத்துக்குத் தமிழில் மெயில் அனுப்பலாமா?

தாராளமாக. தமிழ்நாட்டில் 1956ஆம் ஆண்டிலிருந்தே ஆட்சிமொழிச் சட்டம் இருக்கிறது. உதவித்தொகை, சாதிச் சான்றிதழ், பேருந்துப் பயண அட்டை போன்ற விஷயங்களுக்குத் தமிழில் எழுதினால் பல நேரம் சீக்கிரமே புரிந்துகொள்வார்கள். யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள், 2010லேயே மாநில அரசு அதை ஏற்றுக்கொண்டுவிட்டது. பழைய பாமினி போன்ற எழுத்துருவில் அடித்த கடிதம் இருந்தால் பிடிஎஃப் ஆக்கி இணையுங்கள், இல்லாவிட்டால் அந்தப் பக்கம் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும்.

இன்டர்னல் மார்க் குறைவாக இருக்கிறது, அட்டென்டன்ஸ் குறைவாக இருக்கிறது. எப்படிக் கேட்பது?

மார்க் விஷயத்தில் கெஞ்சவும் வேண்டாம், குற்றம்சாட்டவும் வேண்டாம். "இரண்டாம் தேர்வில் நான்காவது கேள்வியின் பி பிரிவுக்கு மார்க் கூட்டப்படவில்லை என்று நினைக்கிறேன், விடைத்தாளின் படத்தை இணைத்திருக்கிறேன், நாளை மதியம் நேரில் வந்து காட்டலாமா?" அவ்வளவுதான். "அவனுக்கு 18, எனக்கு மட்டும் 14" என்ற ஒப்பீட்டை எழுதாதீர்கள். நியாயமாகவே இருந்தாலும் எழுத்தில் அது புகாராக மாறிவிடும்.

அட்டென்டன்ஸ் என்றால் அண்ணா பல்கலைக்கழக விதிப்படி 75 சதவீதம் வேண்டும், மருத்துவம் போன்ற காரணம் இருந்தால் 65 வரை சலுகை உண்டு. ஆகவே மருத்துவச் சான்றிதழை செமஸ்டர் கடைசியில் தேடாமல், உடம்பு சரியாகி வந்த அன்றே கிளாஸ் அட்வைசருக்கு மெயிலில் அனுப்பிவிடுங்கள். அந்த மெயிலின் தேதிதான் பின்னால் உங்களுக்குக் கைகொடுக்கும்.

இணைப்புகளில் கவனிக்க வேண்டியது என்ன?

கோப்பின் பெயர். "ரெஸ்யூம் நியூ ஃபைனல் 2" என்று உங்களுக்குப் புரியும், எச்.ஆரிடம் அதே பெயரில் முப்பது கோப்புகள் இருக்கும். உங்கள் பெயர், துறை, ரெஸ்யூம் என்று வையுங்கள். பிடிஎஃப்தான், வேர்டு கோப்பு கேட்டால் ஒழிய.

ஜிமெயிலில் 25 எம்பிக்கு மேல் போனால் டிரைவ் லிங்காக மாறிவிடும். அப்போது யார் திறக்கலாம் என்ற அனுமதியைப் பாருங்கள். கல்லூரிக் கணக்கில் பகிர்ந்தால் பல நேரம் அந்தக் கல்லூரிக்குள் இருப்பவர்கள்தான் திறக்க முடியும். வேறு கணக்கிலிருந்து ஒருமுறை திறந்து பாருங்கள். சான்றிதழை மேசைமேல் வைத்து, கட்டைவிரல் நிழலோடு எடுத்த படத்தை அனுப்பாதீர்கள். "கேம்ஸ்கேனர் போட்டு அனுப்பு" என்று இன்னும் சொல்கிறார்கள். 2020 ஜூனில் மத்திய அரசு தடை செய்த 59 செயலிகளில் அதுவும் ஒன்று. கூகுள் டிரைவ் செயலியிலேயே ஸ்கேன் வசதி இருக்கிறது.

சிசி, பிசிசி, ரிப்ளை ஆல் எப்போது?

டூ கட்டத்தில் வேலை செய்ய வேண்டியவர். சிசியில் தெரிந்திருக்க வேண்டியவர். புராஜெக்ட் குழுவாக எழுதினால் குழுவில் உள்ள எல்லோரும் சிசியில். ஆசிரியர் பதில் சொல்லவில்லை என்று முதல்வரை சிசியில் சேர்ப்பது வேறு வகைச் செயல், அதை யோசித்துச் செய்யுங்கள். மொத்தத் துறைக்கும் வந்த அறிவிப்புக்கு ரிப்ளை ஆல் கொடுத்து "தேங்க் யூ சார்" சொல்லாதீர்கள்.

சாட்ஜிபிடியிடம் எழுதி வாங்கலாமா? எனக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது.

தமிழ் வழியில் படித்து வந்த மாணவருக்கு இது நிஜமான உதவி, அதை நான் குறை சொல்ல மாட்டேன். பயன்படுத்தும் வரிசைதான் முக்கியம். முதலில் நீங்களே தமிழிலோ உடைந்த ஆங்கிலத்திலோ சொல்ல வந்ததை ஐந்தாறு வரியில் எழுதுங்கள். பிறகு "இலக்கணத்தை மட்டும் திருத்து, எதையும் சேர்க்காதே" என்று கேளுங்கள். மாறாக "இன்டர்ன்ஷிப் மெயில் எழுதிக் கொடு" என்று கேட்டால் நலம் விசாரிக்கும் வரியில் தொடங்கி, ஆர்வத்தைக் கொட்டி, உங்களைப் பற்றி ஒன்றுமே சொல்லாத நான்கு பத்தி வரும். அதே நான்கு பத்தியை உங்கள் வகுப்பில் இன்னும் பலர் அனுப்பியிருப்பார்கள். அடைப்புக்குறிக்குள் "பேராசிரியர் பெயர்" என்று அப்படியே விட்டு அனுப்பியவர்களும் இருக்கிறார்கள்.

சின்னச் சின்ன வாக்கியங்களாக எழுதினால் ஆங்கிலத் தவறும் குறையும். "கைண்ட்லி டூ த நீட்ஃபுல்" போன்ற நம் ஆபீஸ் ஆங்கிலம் இந்தியாவுக்குள் ஓடும். ஆனால் அதில் என்ன செய்ய வேண்டும் என்பதே இல்லை, கையெழுத்து வேண்டும் என்றால் கையெழுத்து என்றே எழுதுங்கள்.

எச்.ஆரிடமிருந்து வேலை மெயில் வந்திருக்கிறது. எப்படிப் பதில் எழுதுவது? அது உண்மையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பிளேஸ்மென்ட் சீசனில் ஸ்பாமையும் ஜிமெயிலின் புரொமோஷன்ஸ் பகுதியையும் தினமும் பாருங்கள். ஆஃபர் வந்தால் குறித்த தேதிக்குள் "ஏற்கிறேன்" அல்லது "ஏற்க இயலவில்லை" என்று தெளிவாக எழுதுங்கள். வேறு வேலை கிடைத்து இதை விடுவதானால் நன்றி சொல்லி இரண்டே வரியில் முடியுங்கள், மௌனமாக இருந்துவிடாதீர்கள். உங்களுக்கு அடுத்த வருட ஜூனியர்களுக்காக அந்த நிறுவனம் மறுபடி கல்லூரிக்கு வர வேண்டும். பதிலில் எந்தப் பதவி, எந்தத் தேதியில் சேர்வது என்று அவர்கள் எழுதியதையே ஒருமுறை திருப்பி எழுதிவிடுங்கள்.

அனுப்பியவரின் பெயரைப் பார்க்காதீர்கள், அட் குறிக்குப் பின்னால் இருப்பதைப் பாருங்கள். பெரிய நிறுவனத்தின் பெயரைச் சொல்லி ஜிமெயில் ஐடியிலிருந்து ஆஃபர் வந்தால் சந்தேகப்படுங்கள். பதிவுக் கட்டணம், லேப்டாப்புக்கு டெபாசிட், திருப்பித் தரப்படும் பயிற்சிப் பணம் என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் அது மோசடி என்றே வைத்துக்கொண்டு, முதலில் பிளேஸ்மென்ட் ஆபீசரிடம் காட்டுங்கள். ஆதார் நகலையும் பாஸ்புக் பக்கத்தையும் அதற்கு முன் அனுப்பாதீர்கள்.

இரவு பன்னிரண்டு மணிக்கு அனுப்பலாமா?

மெயில் கதவைத் தட்டாது, அனுப்பலாம். ஆனால் காலையில் அந்த மெயில் மற்றவற்றுக்கு அடியில் போய்விடும். ஷெட்யூல் சென்ட் போட்டுக் காலை ஒன்பதரைக்கு வைத்துவிட்டுத் தூங்குங்கள். காலையில் எழுந்ததும் ஒருமுறை படித்துப் பார்க்கவும் வாய்ப்பு கிடைக்கும்.

அனுப்பிய பிறகு தப்பு கண்ணில் பட்டால்?

ஜிமெயில் செட்டிங்ஸில் அன்டூ சென்ட் (அனுப்பியதை நிறுத்தித் திரும்பப் பெறும்) நேரம் ஐந்து வினாடியாக இருக்கும், அதை 30 வினாடியாக மாற்றி வையுங்கள். பலருடைய தப்பு சென்ட் பொத்தானை அழுத்திய அடுத்த கணம்தான் கண்ணில் படுகிறது. அந்த நேரமும் தாண்டிவிட்டால், சின்ன எழுத்துப்பிழைக்காக மறுபடி எழுத வேண்டாம், விட்டுவிடுங்கள். இணைப்பு விடுபட்டிருந்தால் அதே மெயிலில் ரிப்ளை கொடுத்து, "முந்தைய மெயிலில் விடுபட்ட ரெஸ்யூம் இதோ" என்று ஒரு வரியோடு அனுப்புங்கள், மன்னிப்புப் பத்தி தேவையில்லை. தேதி, ரெஜிஸ்டர் நம்பர், தொகை இவற்றில் தப்பு என்றால் சரியானது எது என்பதை முதல் வரியிலேயே போட்டு உடனே அனுப்புங்கள். அவர் பெயரையே தப்பாக எழுதியிருந்தால், திருத்தி ஒரு வரி எழுதுங்கள். வேறொரு பேராசிரியரின் பெயரோடு போயிருந்தால் அந்த இடத்தை மறந்துவிட்டு அடுத்தவருக்கு எழுதத் தொடங்குங்கள், இந்த முறை பெயரைக் கடைசியில் ஒருமுறை சரிபார்த்துக்கொண்டு.